ஓட்டோவில் வைத்த பெயர்

போன ஞாயிறு பின்னேரம் கீரிக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வீட்டுப் பக்கமிருந்து சரக்குக்கறி வாசம் வந்தது. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி, அதற்குள் பால்சுறா. யாரோ ஒருத்தி பிள்ளை பெற்றுப் பத்தியச் சாப்பாட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அந்த வாசம் வந்தால் பசிக்கும். எனக்கு வயிறு எரியும். எங்கள் பக்கத்தில் பொறாமைக்கு எரிச்சல் என்றுதான் பெயர். அனுபவப்பட்ட ஆள் ஒருத்திதான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நான் அங்கே கறி மணக்கப் போகவில்லை. என் சிநேகிதி ஜெசிந்தாவின் மகள் எஸ்தர் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுக்கிறாள், வா என்று ஜெசிந்தா கூப்பிட்டிருந்தாள். அவர்கள் சபைக்காரர். ஊரில் அல்லேலூயாக்காரர் என்பார்கள். நான் கத்தோலிக்கம். அழைத்துவிட்டு, போனை வைக்கும் முன் ஜெசிந்தா ஒன்று சொன்னாள்: "வா. ஆனால் பழைய கதை ஒண்டும் வேண்டாம்." அந்தப் பழைய கதையைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

மன்னார் பசாரில் ஒரு துணிக்கடையில் நானும் அவளும் தையல் வேலைக்கு இருந்தோம். ஞானஸ்நானச் சட்டை, புதுநன்மை உடுப்பு, கலியாணத்து வெள்ளை, எல்லாம் எங்கள் கைதான். ஒரே சைக்கிளில் போய் வருவோம். மிதிப்பது நான். கரியரில் இருப்பது அவள். இருந்தபடி ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவாள். அந்தச் சீலையை யார் தைக்கக் குடுத்தது, அந்த மனுசி ஏன் அழுதது, உனக்கு நேற்று ஏன் முகம் சரியில்லை. ஒரு பாதிக் கதையை அவளிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மீதியைக் கேட்டு வாங்கும்வரை முதுகில் குத்திக்கொண்டே வருவாள். சில நாள் எதிர்க்காற்றில் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஒரு நாள் குழந்தைச் சட்டை ஒன்றுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, "என்ர மூத்ததுக்கு நீதான் ஞானத்தாய். சொல்லிப்போட்டன்" என்றாள். அப்போது அவளுக்குக் கலியாணமே பேசியிருக்கவில்லை. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தால் விடாத குணம் எனக்கு. அவள் கடையில் இன்னொருத்தியோடு சிரித்துப் பேசினால் அன்றைக்கு என் தையல் கோணும். "இவளின்ர கண்ணில மிளகாயைத் தேய்ச்சுத்தான் கர்த்தர் அனுப்பினவர்" என்று அம்மா சொல்வார். எனக்குக் கலியாணம் பிந்தி நடந்தது, பிள்ளையும் இல்லை. அதனால் அந்தச் சொல் எனக்குச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. ஜெசிந்தாவுக்கு மாதம் தெரிந்ததுமே வெள்ளைச் சட்டையைத் தைத்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இடையில் ஒரு சங்கதி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம், அதாவது மற்றச் சபைக்காரரின் சமயம், இன்னொரு பாடம். இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் கிறிஸ்தவம் படித்தது ஒரே ஒரு பிள்ளை, வேலை மாற்றலில் வந்த ஒரு கந்தோர்க்காரரின் மகள். சமய பாடம் வந்தால் அவள் புத்தகத்தோடு மரத்தடிக்குப் போய்விடுவாள். நாங்கள் ஜன்னலால் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்போம். வெளியூரார் யாராவது, நீங்கள் கிறிஸ்தவமோ என்று கேட்டால், "இல்லை, நாங்கள் வேதம், ஆர்.சி." என்று நாங்களே சொல்வோம். அதாவது நாங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்கள் நாங்களேதான். அதையே இன்னொருவர் வந்து சொன்னபோதுதான் சுட்டது.

சொன்னவன் அன்ரன், ஜெசிந்தாவின் புருசன். முருங்கனில் மேசன் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் குடி. அவன் குடியை விடவேண்டும் என்று நான் மடுமாதாவுக்கு நேர்ந்து நடந்தே போனேன். ஒரு தரமல்ல. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முருங்கனில் ஒரு பாஸ்டர் வந்து தகரக் கொட்டகையில் சபை தொடங்கினார். அன்ரன் போனான், மூன்று மாதத்தில் குடியை விட்டான். நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. என்னைக் கேட்டால் அது மாதா கொஞ்சம் பிந்திச் செய்த வேலை. பெயர் மட்டும் பாஸ்டருக்குப் போய்விட்டது. ஆனால் அடி வாங்கினவள் ஜெசிந்தா. அடி நின்ற இடத்துக்கு அவள் போனாள். அதைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவள் பூசைக்கு வரவில்லை.

பிள்ளை பிறந்து அவள் வீட்டுக்கு வந்ததும், பால் ஊறட்டும் என்று விடிய எழும்பிச் சரக்கு அரைத்து, பால்சுறா போட்டுக் கறி வைத்து, சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு முருங்கன் பஸ் ஏறினேன். பஸ் முழுக்க மணத்தது. வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து அதே மணம் வந்தது. பாஸ்டரின் மனுசி, பாஸ்டரம்மா, கட்டிலோரம் கதிரை போட்டிருந்து ஜெசிந்தாவுக்குச் சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமைதியான மனுசி, குரலை உயர்த்தத் தெரியாதவர். சண்டைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். "வாங்கோ அக்கா, உங்களைப் பற்றி ஜெசிந்தா எந்த நேரமும் கதைக்கிறவ" என்று எழும்பிக் கதிரையைத் தந்தார். என் சட்டி திறக்காமலே மேசையில் இருந்தது. பின்னேரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, நானும் என் அவரும் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

அன்றைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று நான் கேட்கப்போய்த்தான் கதை வளர்ந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை, வளர்ந்து தானாக விசுவசித்துத்தான் எடுக்கவேண்டும் என்றான் அன்ரன். அப்போ நானும் நீயும் எடுத்தது என்ன என்று கேட்டேன்.

"அது தண்ணி தெளிச்சது அக்கா. கத்தோலிக்கர் கிறிஸ்தவர் இல்லை. நான் சொல்லேல்லை, வேதத்தில இருக்கு. சுரூபத்தைக் கும்பிடுறவை எப்பிடி?"

"அந்தக் காலத்தில மன்னார்த் தீவில, ராசா வெட்டேக்கயும் வேதத்தை விடமாட்டம் எண்டு கழுத்தைக் குடுத்ததுகள் அப்ப ஆர் தம்பி?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவைக்கு வசனம் தெரியாதக்கா" என்றான்.

தலை கொடுத்தவர்களுக்குத் தெரியாத வசனம் நேற்றுக் குடியை விட்டவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் எழும்பியே விட்டேன். பாஸ்டரம்மா அவனை அடக்கி, "விடுங்கோ தம்பி. அக்காவுக்காக நாங்கள் ஜெபிப்பம்" என்றார். அன்ரன் சொன்னதைவிட அதுதான் எனக்குத் தைத்தது. ஜெசிந்தா பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத்துக்குப் பதிலாகச் சபையில் பிள்ளையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை பண்ணிய நாளில் நானும் போனேன். பாஸ்டரம்மா இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்தி நிற்க, எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கை என் கையாக இருந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை என் பைக்குள் இருந்தது. எதற்குக் கொண்டுபோனேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிள்ளை தவழத் தொடங்கியிருந்த காலம். கடை பூட்டு நாளில் ஒரு மத்தியானம் முருங்கனுக்குப் போயிருந்தேன். அன்ரன் வவுனியாவில் வேலை. பாஸ்டரும் மனுசியும் கண்டிக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, கைகால் இழுக்கத் தொடங்கியது. ஓடிப்போய் ஓட்டோ பிடித்தேன். ஓட்டிய தம்பி பக்கத்து வயல் கிராமத்துச் சைவப் பெடியன், நெற்றி நிறையத் திருநீறு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பிள்ளை நீலமாகிக்கொண்டு வந்தது. ஜெசிந்தா கண்டிக்கு, பாஸ்டரம்மாவுக்குப் போன் எடுத்தாள். எடுத்த போனைக் காதில் வைத்தபடியே என் மடியில் கிடந்த கொதித்தாறின தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"நீ ஊத்து," என்றாள்.

காய்ச்சல் தணிய ஊற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பிடியில்லை. எங்கட முறையில ஊத்து. இவள் சும்மா போயிடக்கூடாது."

எங்கட என்றாள். அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் ஒரு சிஸ்டர் எங்களுக்குப் பொம்மையை வைத்துச் சொல்லித் தந்திருந்தார். பெயரைச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லவேண்டும். பொம்மைக்கு நாங்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பெயர் வைத்துச் சிரித்தோம். ஓட்டோத் தம்பி பாட்டை நிற்பாட்டினான். "நிப்பாட்டவோ அக்கா?" என்று கேட்டான். வேண்டாம், ஓடு என்றேன். ஜெசிந்தா பெரிதாகக் குழறி அழுதுகொண்டிருந்தாள், நான் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்காது. பெயர் சொல்லவேண்டிய இடத்தில் எஸ்தர் என்று எனக்கு வாய் வரவில்லை. அது அவர்கள் வைத்த பெயர். வந்தது என் பெயர். என் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சொல்லி ஊற்றினேன். அவ்வளவு பயத்துக்குள்ளும், பாஸ்டரம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று மனதின் ஒரு மூலை சந்தோசப்பட்டது. அப்படிப்பட்ட மனம் என்னுடையது, என்ன செய்ய.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பின்னேரம் பிள்ளை பால் குடித்தது. நாங்கள் இரண்டு பேரும் வாங்கில் சாய்ந்திருந்தபோது, "நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் பயந்துபோனன்" என்றாள். அப்போ நான் இவளுக்கு ஆர் என்று கேட்டேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பங்குச் சுவாமியிடம் மட்டும், யாரோ ஒரு பிள்ளைக்கு யாரோ செய்த கதை மாதிரிச் சொல்லி, செல்லுமோ என்று கேட்டேன். அவர் விளங்கிக்கொண்டார். "செல்லும். திரும்ப ஊத்தத் தேவையில்லை. ஆனால் நீர் பார்த்தது குருவானவற்ற வேலை. ஞானத்தாய் எண்டால் வேற ஆள் பக்கத்தில நிண்டிருக்கவேணும்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றது யார்? திருநீறு பூசிய அந்த ஓட்டோத் தம்பி. நான் ஆசைப்பட்ட இடம் அப்படியும் எனக்கு வரவில்லை. சுவாமி சொன்னபடி பார்த்தால் அது அவனுக்குத்தான். அவன் இப்போது கத்தாரில் என்று கேள்வி.

இனிக் கடற்கரைக்கு வருகிறேன். எஸ்தருக்கு இப்போது பதினான்கு வயது. நல்ல உயரம், தாயின் கண். கடலில் இறங்க முன் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள்.

"நான் கைக்குழந்தையா இருக்கேக்க வலிப்பு வந்து சாகக் கிடந்தனாம். அம்மா போன் எடுக்க, பாஸ்டரம்மா கண்டியில இருந்து ஜெபிச்சவ. ஆண்டவர் என்னைத் திருப்பித் தந்தவர்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் மணலைப் பார்த்தாள். பாஸ்டர் பிள்ளையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார். இது இரண்டாந்தரம் பாஸ்டர், என்று மனதுக்குள் சொன்னேன். அவளைத் துடைக்கவென்று நான் ஒரு புதுத் துவாய் வாங்கிப் போயிருந்தேன். பாஸ்டரம்மா முழங்காலளவு தண்ணீரில் துவாயை விரித்தபடி நின்றார். என் துவாய், அந்த வெள்ளைச் சட்டை மாதிரி, பைக்குள் இருந்தது.

பிறகு பிள்ளை தலை ஈரத்தோடு நேரே என்னிடம் வந்தாள். இரண்டு கையையும் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"நீங்களும் கிறிஸ்தவராக வேணும் ஆன்டி. நான் உங்கட பேரைச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறனான்."

என் முகத்துக்கு ஆன்டி. ஆண்டவரிடம் மட்டும் பெயர். யாருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓம் பிள்ளை, ஜெபி என்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ஜெசிந்தா வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பிடித்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஜெசிந்தா, அண்டைக்கு ஓட்டோவில ஊத்தேக்க நான் அவளுக்கு ஒரு பேர் வைச்சனான்."

அவள் கை நின்றது. "பேரும் வைச்சனியோ?" என்றாள், மெதுவாக. அடுத்த கேள்விக்கு நான் காத்திருந்தேன். அவள் கடைசிக் கதிரையைத் தூக்கி மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு, "லொறி வந்திட்டுது" என்று போனாள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பசார் வழியால் வந்தேன். எங்கள் துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவை போனது பரவாயில்லை. பாதிக் கதையைச் சொன்னால் மீதியைக் கேட்காமல் விடாதவள் ஒருத்தி என் பின்னால் இருந்தாள். என்ன பேர் வைச்சனி என்று அவள் கேட்கவேயில்லை.