அத்தான் பாட்டெடுத்த கடைசி வாரம்

மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆண்டு அது. பள்ளி விடுமுறையில் எங்கள் சபையார் கிள்ளான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரக் கீர்த்தனைப் பயிற்சி நடத்தினார்கள். ஆரோகணம் இன்னதென்று அறியாதவரும் வரலாம், மேடையில் பாடத் தக்கவரும் வரலாம் என்று அறிவித்திருந்தமையால், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்தார், காஜாங் எழுத்தர்கள், பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்பைச் சேர்ந்த நாங்கள் எனப் பலரும் சுருட்டிய பாய்களோடு வந்து சேர்ந்தோம். வகுப்பறைகளில் ஆண்களும் ஆசிரியர் வீட்டில் பெண்களும் தங்கினர். வாரக் கடைசியில், ஞாயிறு ஆராதனையில், அனைவரும் கூடிப் பாட வேண்டும். அன்று பாட்டெடுத்துக் கொடுப்பவர் என் அக்காளின் கணவர் என்பது நாங்கள் வருமுன்பே முடிவாகியிருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்தில் வாத்தியம் கிடையாது. ஒருவர் எழுந்து முதலடியை எடுப்பார். அவர் எடுத்த சுருதியே சபைக்குச் சுருதி. நெடுங்காலமாக அந்த ஒருவர் அத்தான்தான். மற்ற நாள்களில் அவர் இரயில் பட்டறையில் கொதிகலனுக்குள் குந்தியிருந்து, வெளியே சம்மட்டியால் அறையப்படும் தறையாணியை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பவர். அதனால் காது மந்தமாகிவிட்டதை அவர் மறைத்ததில்லை. "காது பட்டறைக்கு, தொண்டை கர்த்தருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். சுருதி தொண்டைக்குள்ளேயே இருக்கிறது, அதற்குக் காது வேண்டியதில்லை என்பது அவர் நம்பிக்கை.

பயிற்சியை நடத்த ஈப்போவிலிருந்து இளம் ஆசிரியை ஒருவர் ஆர்மோனியப் பெட்டியுடன் வந்திருந்தார். முதல் நாள் காலையில் அத்தான் எழுந்து முதலடியை எடுத்தார். ஆசிரியை அதற்குரிய கட்டையைக் கண்டுபிடித்து வாசிக்கத் தொடங்கினார். அனுபல்லவி முடிவதற்குள் குரல் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. ஆசிரியை வாசிப்பை நிறுத்தினார்.

"ஐயா, சுருதி இறங்குதுங்க" என்றார், சற்றே உரக்க.

"இறங்கத்தான் செய்யும்மா. கிள்ளான் ஈரம் அப்படி. பெட்டியை வெயில்ல வைங்க" என்றார் அத்தான்.

பிரிக்பீல்ட்ஸ்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டும் ஒருவர், "டீச்சரம்மா, பெட்டிக்குச் சளி புடிச்சிருக்கு லா. சுக்குத் தண்ணி ஊத்துங்க" என்றதும் கூடமே சிரித்தது. உண்மையாகவே பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த பித்தளை நாக்குகளைத் துடைத்து, பிற்பகல் முழுவதும் வெயிலில் வைத்தார்கள். ஆசிரியை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியில் குறையில்லை என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாளும் அவ்வாறே நடந்தது. அதற்கு மறுநாள் அத்தான் தம் இடத்தை விட்டு, ஏதும் அறியாதவர்கள் அமரும் முன்வரிசைக்குப் போய்ப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார். ஆசிரியை வாசிக்கையில் அதன் மரப்பலகைமேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு கன்னத்தையும் வைத்தார். அருகிலிருந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று மாலை விளக்கேற்றும் வேளையில், பள்ளி வராந்தாவில் அத்தான் அக்காளையும் என்னையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"மாப்ளே, நீ தமிழ் வாத்தியாரு. பொய் சொல்லாதே. பெட்டியா, நானா?"

நான் அக்காளைப் பார்த்தேன். அவளே சொன்னாள். மெல்லச் சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதைச் சாய்த்தார். அவரிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல இயலும். ஆகவே அவள் உரக்கச் சொன்னாள்.

"நீங்கதான்! நீங்கதாங்க!"

சமையற்கொட்டகையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்போ நம்ம கோயில்ல எப்படிச் சேர்ந்து வந்துச்சு?"

"நீங்க இறங்க இறங்க எல்லாரும் கூடவே இறங்கி வந்தோம்!"

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மூணு வருஷமா!"

"போதகருக்குத் தெரியுமா?"

"தெரியும்!"

பிறகு, "சின்னப் புள்ளைங்க?" என்றார்.

நான்தான் அவர் காதருகே போய்ச் சொன்னேன்: "அதுங்க உங்ககிட்ட கேட்டுத்தானே கத்துக்கிச்சு, அத்தான். அதுங்களுக்கு அதுதான் மெட்டு."

அன்று அவர் சாப்பிடவில்லை.

எஞ்சிய நாள்களில் கூடத்துக்கு வந்தார்; பாடவில்லை. சனிக்கிழமை ஆசிரியை தாமாகவே வந்து, ஞாயிறன்று பெட்டியில்லாமல் உங்கள் வழக்கப்படியே பாடலாம் என்று அவர் காதில் சொன்னார். "வேணாம்மா. பெட்டி இருக்கட்டும். நான் அதைப் புடிச்சுக்கிட்டே வாறேன்" என்றார் அத்தான்.

ஞாயிறு காலையில் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்து, பெட்டிமேல் கையை ஊன்றி, முதலடியை எடுத்தார். பல்லவி பெட்டியோடு பொருந்தி நின்றது. அக்காள் என் தோளைப் பற்றினாள். அனுபல்லவியில் குரல் நழுவியது. அப்போது நான் எதிர்பாராதது நடந்தது. பிரிக்பீல்ட்ஸ்காரர் அனைவரும், வாரம் முழுவதும் கற்றதை விட்டுவிட்டு, பழகிய பழக்கத்தால் அவரோடு இறங்கினர். அவர்களைக் கேட்டுத் தோட்டத்தாரும் இறங்கினர். அத்தனை பேருக்கும் எதிராகப் பெட்டி மட்டும் தனியே ஒலித்தது. சரணத்தின் நடுவில் ஆசிரியை கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளங்கையின் கீழிருந்த அதிர்வு நின்றதை அத்தான் உணர்ந்திருக்க வேண்டும். அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். சொல்லின் பாதியில் வாயை மூடிக்கொண்டு, பெஞ்சில் வந்தமர்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் நிறுத்தியதும் சபையும் நிறுத்திவிட்டது. எஞ்சிய சரணத்தை எடுக்க ஒருவரும் துணியவில்லை. மழை மட்டும் கூரையை அறைந்துகொண்டிருந்தது.

சற்றுப் பொறுத்து அவர் அக்காள் பக்கம் சாய்ந்து, தம் குரலின் உயரம் தமக்கே தெரியாமையால் கூடம் முழுதும் கேட்கும்படி கேட்டார்:

"பாடி முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சிட்டாங்க!"

"நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு!"

அதையும் அவள் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. போதகர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை.