கை கிளம்பும் முன்

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டதாகவே நினைத்தேன். நான்காவதும் வந்தது.

"இன்னும் கேஸை அணைக்கலையா, விஜி?" என்று கேட்டபடி கணவர் உள்ளே வந்தார்.

"அணைச்சுட்டேனே" என்றேன். என் வலது கை தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டு, கை கால் இயங்காமல் போவது). எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கிட்வாய் நகர் வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்காகப் போனேன்.

"கை கிளம்பறதுக்கு முன்னாடியே எந்தத் திசை, எவ்வளவு தூரம்னு மூளை தயார் பண்ணிடும். உங்களுக்கு அந்தத் தயாரிப்பு நடக்குது. உத்தரவுதான் கை வரைக்கும் போகலை" என்றார் டாக்டர்.

பயிற்சி இதுதான்: மேசையில் ஒரு டம்ளர். அதைப் பார்க்க வேண்டும். மனதுக்குள் கையை நீட்ட வேண்டும். மணி அடித்ததும் நிஜமாக நீட்ட வேண்டும். என் கை விரற்கடை தூரம்கூட நகரவில்லை.

பக்கத்து மேசையில் செல்வி. சரோஜினி நகரில் வீட்டுவேலை செய்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். எனக்கு வந்த அதே வாரம் அவளுக்கும் வந்தது. மூன்றாம் வாரமே டம்ளரைத் தூக்கிவிட்டாள். பயிற்சியாளர் "ஷாபாஷ்!" என்று கத்தினார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாதவள் நான். அவளுக்கு மட்டும் எப்படி?

ஒருநாள், தமிழ் தெரியாத பயிற்சியாளர், நாளைக்குப் பயிற்சி எட்டு மணிக்கே என்று செல்விக்குத் தமிழில் சொல்லிவிடச் சொன்னார். தலையாட்டினேன். சொல்லவில்லை.

மறுநாள் நான் முடித்து வெளியே வந்தபோது, வழக்கமான பதினொரு மணிக்கு அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மறந்துட்டேன் செல்வி."

"பரவால்லக்கா. நமக்கு மூளையிலதான அடி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "மறக்கலை. வேணும்னேதான் சொல்லலை" என்றேன்.

அவள் என் தொங்கும் கையை ஒரு முறை பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு வேறு நாட்களுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவள் இல்லாததால் என் கை சீக்கிரம் வந்துவிடவில்லை. ஐந்து மாதம் ஆனது.

இதே நோயோடு பெஞ்சில் காத்திருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: பொறாமை வரும். மருந்துச் சீட்டில் அது இருக்காது.

இப்போது எதை எடுப்பதானாலும் முதலில் உள்ளுக்குள் ஒரு கை நீள்கிறது. சற்றுப் பிந்தித்தான் என் கை கிளம்புகிறது. நடுவிலிருக்கும் அந்தக் கணத்தில் நான் வாழப் பழகிவிட்டேன். அப்படியொரு கணம் இருப்பதே தெரியாமல், ஓடும் பஸ்ஸில் சட்டென்று கம்பியைப் பிடிப்பவர்களைப் பார்த்தால், இன்றும் எரிகிறது.