மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு ஒயர்

என் வீட்டுக்காரரிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது என்று சொன்னால் மயிலாப்பூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மாட வீதியில் காய்கறி வாங்கும்போது யாராவது கேட்டால், "ஆமாம், ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத மனுஷனுக்குப் படகு ஒண்ணுதான் கேடு" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். துறைமுகத்துக்குள் ஒரு மூலையில் கட்டிக்கிடக்கும் பழைய படகு அது. காற்று நின்றுபோனால் கரைக்குத் திரும்ப ஒரு சின்ன எஞ்சின், அதை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, பேட்டரிக்குத் தீனி போட மேலே ஒரு சோலார் தகடு. ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவும் மகளும் கிளம்பிவிடுவார்கள். சில ராத்திரி அங்கேயே தூங்கிவிட்டும் வருவார்கள். எனக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயது. அவளுக்கு இருட்டு ஆகாது, அறையில் விடிய விடிய ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய வேண்டும். காரியம் முடிந்த அன்று நான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பல்பைக் கழற்றினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை. அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் படகுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் ஒருநாள் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். சட்டை முழுக்க உப்பு. துறைமுக வாசலுக்கு வெளியே காற்று செத்துப்போயிருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. அலை படகைக் கல் சுவர் பக்கம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. காசிமேட்டு மீன்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள்.

"பேட்டரி இறங்கிடுச்சு. பழசு" என்றார்.

"போன தீபாவளிக்குத்தானே புதுசு மாத்தினீங்க?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒருத்தியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாயிற்று. இவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன்? போகாதீங்க என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மறுபடியும் அதே மாதிரி ஆனது. சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் படகு மீட்டர் நன்றாகக் காட்டுமாம், விடிந்தால் இறங்கியிருக்குமாம். எல்லா சுவிட்சும் அணைத்துத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுப்பவள். அணைத்த சுவிட்ச் கரண்ட் குடிக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் முட்டைதான் போடுவேன். லேபிலிருந்து கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் ஆபீஸில் இருந்த ஒரு மதியம், அவரிடம் சொல்லாமல் போனேன். மூன்று நாளாக மூட்டம். படகுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் சின்னத் தோணியில் என்னை ஏற்றிக்கொண்டார்.

"சாரு வர்லியாமா?"

"வரலை. பேட்டரி பாக்கணும்."

துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பேட்டரி இல்லமா அது. நைட்டு டூட்டில நான் பாத்துக்கினுதான் கீறேன். உள்ளாற வெளிச்சம் வரும், போவும், வரும், போவும். ஆளு யாரும் கெடையாது. அதுல ஏதோ கீதுமா. ஒரு பூச போட்டுருங்க."

"போடலாம், போடலாம். நீங்க ஓட்டுங்க" என்றேன். ஆனால் படகில் கால் வைக்கும்முன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டது உண்மை.

உள்ளே ஈரத்துணி வாடை. மெயின் சுவிட்சை அணைத்தேன். இருந்த ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் ஆஃப். பேட்டரியின் நெகடிவ் முனையில் இருந்த ஒயர்களை மொத்தமாகக் கழற்றி, கரண்ட் ஓடுகிறதா என்று நடுவில் மீட்டரைப் போட்டேன். சைபர். கொஞ்ச நேரம் பார்த்தேன், சைபரேதான். சரி, மனுஷன் சொன்னது நிஜம்தான், பேட்டரியில்தான் கோளாறு என்று எழப்போனேன்.

அப்போது வெளியே ஏதோ கப்பல் நகர்ந்தது. அதன் அலை வந்து படகை ஒருமுறை சாய்த்தது. மீட்டரில் பாயின்ட் நாலு ஆம்பியர். படகு நிமிர்ந்ததும் சைபர். மறுபடி சாய்ந்தது, பாயின்ட் நாலு. யாரோ உள்ளே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பேய் பிசாசெல்லாம் நம்பாதவள்தான். இருந்தாலும் "யாரு?" என்று கேட்டுவிட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

குனிந்து பேட்டரியைப் பார்த்தேன். பாசிடிவ் முனையில் தடித்த ஒயருக்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று. கறுப்பு டேப் சுற்றி, அவர் வழக்கம்போல் நறுவிசாகச் செய்திருந்தார். மெயின் சுவிட்சுக்கே போகாமல் நேரே பலகைக்கு அடியில் முன்பக்கம் ஓடியது. முன்பக்கம் படகுப் பாய்களைச் சுருட்டிக் கட்டிய மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். பின்னால் ஒரு சின்னக் கதவு.

திறந்தால், மகள் படுக்கிற இடம். அவளுடைய போர்வை மடித்து வைத்திருந்தது, மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். தலைமாட்டில் ஹோல்டரில் ஒரு சின்ன கார் பல்பு. அதற்கு மூடியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பா முழுக்க சிவப்பு நெயில் பாலிஷ், கோடு கோடாக. நான் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிய பாலிஷ் அது. அலை வந்தால் பல்பு எரிந்தது, போனால் அணைந்தது. ஹோல்டர் லூசாகியிருந்தது.

"படகுல இருட்டா இருக்காதாடி?" என்று ஒருமுறை அவளைக் கேட்டது ஞாபகம் வந்தது. "இருக்காது" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். யார் மெயினை அணைத்தாலும் அவள் விளக்கு அணையக்கூடாது என்று நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறார்.

சரி, அது அவள் இருந்தபோது. பக்கத்துத் தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பாதி புது பல்புகள், பாதி கறுத்துப்போன பல்புகள். மூன்று வருடமாக, ப்யூஸ் ஆக ஆக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கேயே அந்தச் சின்னப் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். இந்தப் பல்புக்காகக் கல் சுவரில் மோதிச் சாகப் பார்த்தாயே, பாவி மனுஷா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா?

ஒயரைப் பிடுங்கினால் தீர்ந்தது. கை அதன்மேலேயே இருந்தது. பிடுங்க முடியவில்லை. கழற்றியதையெல்லாம் இருந்தபடியே மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் செருப்பு மாட்டும்போது, "நானும் வரேன்" என்றேன். ஆட்டோவில் என் காலடியில் புதிதாக வாங்கிய ஒரு கார் பேட்டரியும் சின்ன சோலார் தகடும் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். பேட்டரி சாயாமல் காலால் அண்டக்கொடுத்தார்.

படகில் நான் நேராக முன்பக்கம் போய் பாய் மூட்டைகளை இழுத்தேன். அவர் ஓடி வந்து ஒரு கையால் தடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே மிச்சத்தை எடுத்து வைத்தார். அந்த மெல்லிசு ஒயரைப் பழைய பேட்டரியிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டினேன், சின்னத் தகட்டையும் அதற்கே கொடுத்தேன். இனி மழையில் தீர்ந்தால் அது மட்டும் தீரட்டும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஹோல்டரை இறுக்கினேன். பல்பு விட்டு விட்டு எரியாமல் நின்று எரிந்தது. அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே. எனக்குக் குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாள் வெயிலில் சார்ஜ் ஏறியிருந்த பழைய பேட்டரியில் மீட்டரை வைத்தேன்.

"மெயின் எவ்வளவு காட்டுது?" என்றார்.

"பன்னெண்டு பாயின்ட் ஏழு."

டார்ச்சைப் புது பேட்டரி பக்கம் திருப்பினார்.

"அவளோடது?"

புதியதை மாட்டும்போதே நான் பார்த்துவிட்டிருந்தேன், அப்படியே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் குனிந்து மறுபடி ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.