பச்சைக் கறை படிந்த ரப்பர்

என் மேஜை இழுப்பறையில் பாதி தேய்ந்த அழிரப்பர் ஒன்று கிடக்கிறது. ஒரு விளிம்பில் பச்சையும் கறுப்புமாகத் தீற்றல். எழுதும்போது வார்த்தை வராவிட்டால் எடுத்து உருட்டுவேன். வார்த்தை வருவதில்லை, அண்ணன் மனைவி, மைனியின் ஞாபகம்தான் வருகிறது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அண்ணன் வளைகுடாவில் இருந்தான். தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் மைனியும், அவன் இன்னும் பார்த்திராத நாற்பது நாள் மகளும். ஸ்டுடியோவில் குழந்தையின் படத்தை சிடியில் போட்டு வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை மட்டும், நம் நேரப்படி இரண்டிலிருந்து மூன்று மணிவரை, அண்ணன் அங்கே நெட் கடையில் உட்கார்வான். அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான், ஊருக்கே விடுதலை வாங்கித் தருபவன்போல, வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துவிட்டு நான் லினக்ஸ் ஏற்றியிருந்தேன். நெட்டை இணைக்கும் நெட்வொர்க் கார்டை அது கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியலிடச் சொன்னால், கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட தாய்மாமன்போல அதன் பெயர் மட்டும் இல்லை. பெயரே இல்லையென்றால் கோளாறு கார்டில்தான் என்று இன்று தெரியும். அன்று கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடினேன். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். ஆகவே புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நாகர்கோவில் நெட் கடைக்கு பஸ் ஏறினேன்.

வெள்ளி காலை மைனி சிடியை நீட்டினார்.

“தம்பி, போற எடத்துல நெட் உண்டுல்லா? இதையும் அங்கயிருந்தே அனுப்பிரும்.”

நம் வீட்டிலிருந்து போனால்தானே மரியாதை என்று சிரித்தேன். மைனி அதை மானிட்டர்மேல் திரும்ப வைத்தார்.

இரண்டேகாலுக்கு வந்து புது டிரைவரை ஏற்றினேன். அசையவில்லை. தெரிந்த கட்டளை, தெரியாத கட்டளை எல்லாம் தட்டினேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், கடிகாரத்தை முறைத்தேன். குழந்தையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த மைனி, படகு எஞ்சின் மெக்கானிக்கின் மகள்.

“எஞ்சின் எடுக்கலேன்னா எங்கப்பா மொதல்ல ஒயர் முனையத்தான் சொரண்டுவாரு. கடக்காத்துல்லா, களிம்பு புடிச்சிரும்.”

குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, கரண்டை நிறுத்தி, நான் காட்டிய கார்டை உருவி, அதன் உலோகப் பற்களை இந்த ரப்பரால் தேய்த்தார். பச்சைக் களிம்பு உதிர்ந்தது. திரும்பச் செருகியதும் சின்ன விளக்கு மினுங்கியது. படம் போனது. மணி மூன்றரை.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். நான்தான் எடுத்தேன்.

“ஒரு மணிக்கூரு முழுக்க உக்காந்திருந்தேன். எம்மவ எங்கலே?”

மைனி ரிசீவரை வாங்கி, நேற்று முழுக்க இங்கே கரண்டு இல்லை என்றார்.

அண்ணன் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவின் போனிலிருந்து எனக்குத் தினம் பத்துப் படம் அனுப்புகிறாள். ஏதாவதொன்று வந்து சேராமல் வட்டம் சுற்றினால் என் கை தானாக ரப்பரைத் தேடுகிறது. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது, மூன்று ஆகிவிட்டதா என்று.