பெரிய டிரம்மும் அதன் பக்கத்தில் நடந்தவனும்

நூலு செத்துப்போனான் என்று நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாராவது விசாரித்தால், "அவன் இப்போ பேண்டுக்கு வர்றதில்லை" என்பேன். என் பெண்டாட்டி முறைப்பாள். முறைக்கட்டும்.

எங்கள் பேண்டில் பெரிய டிரம் அவனுடையது. நான் ஜால்ரா. கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்கிறவர்களிடம் "ஜால்ரா அடிக்கிறேன்" என்று சொன்னால் சிரிக்காமல் யாரும் போனதில்லை. நான் வேலை பார்க்கும் பஸ் நிலைய டிக்கெட் கவுன்டரில் மேனேஜர்கூட ஒருநாள், "அதை இங்கேயும் கொஞ்சம் அடிச்சிருந்தா எப்பவோ பிரமோஷன் வந்திருக்குமே" என்றார். இதைக் கேட்டுவிட்டு நூலு ஒரு வாரம் சிரித்தான்.

அவன் தையல்காரன், உடம்பும் நூல் மாதிரிதான், அதனால் அந்தப் பட்டப்பெயர். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பேண்டிலேயே பெரிய வாத்தியத்தை மாட்டிக்கொள்வான். எதிரிலிருந்து பார்த்தால் டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வருவதுபோல இருக்கும். "உனக்கு எதுக்குடா இந்த வம்பு? ஒரு குழலை எடுத்துக்கயேன்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "குழல் ஊதினா நான் வந்தேனா வரலையான்னே எவனுக்கும் தெரியாதுடா" என்றான்.

பெரிய டிரம் தூக்குகிறவனுக்குத் தன் காலடி தெரியாது. வயிற்றிலிருந்து தாடை வரை டிரம்தான். அதனால் வரிசையின் இடது ஓரத்தில் அவன், அவனுக்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் நான். அவனுக்கும் சேர்த்துத் தரையைப் பார்த்து நடப்பது என் வேலை. "மேடு" என்பேன், காலைத் தூக்கி வைப்பான். "பள்ளம்" என்பேன், தாண்டுவான். ஒருமுறை மழை விட்ட தெருவில் "தண்ணி" என்றேன். அடித்துக்கொண்டே, "எவ்வளவு?" என்று கேட்டான். "முங்கிச் சாகுற அளவுக்கு இல்ல, நட" என்றேன். முன்னால் ஊதிக்கொண்டு போனவனுக்குச் சிரிப்பு வந்து ஊதல் நின்றே போய்விட்டது. எங்கள் மாஸ்டர், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பயிற்சி அறைக்குத் திரும்பியதும் எங்கள் இரண்டு பேரையும் காய்ச்சி எடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பேண்டை நிறுத்துகிறவனும் பெரிய டிரம்காரன்தான். மாஸ்டர் முன்னால் தடியை உயர்த்துவார். ஊதுகிறவர்கள் அதைப் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் முடியாது. பாட்டு முடிகிற இடத்தில் டிரம்மில் இரண்டு அடி அடுத்தடுத்து விழும், டம் டம் என்று. அதைக் கேட்டால் நிறுத்த வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டு அடி விழும்வரை எங்கள் ஆட்கள் விடிய விடிய ஊதுவார்கள். வருஷக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு, மற்ற எல்லாரையும் போலத்தான் நானும் நின்றிருக்கிறேன்.

அவன் கடை, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, பித்தான் வைத்துத் தைக்க அவன் மனைவி. மூன்றாவது ஆள் நுழைந்தால் ஒருவர் வெளியே வர வேண்டும். எங்கள் சீருடை எல்லாம் அவன் தைத்ததுதான். வருஷா வருஷம் என் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் துணி கொடுத்துத் தைப்பான். டேப்பை எடுக்கவே மாட்டான். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற என்னை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பான். "ரெண்டு விரல் கூடியிருக்கு, தங்கச்சி சமையல் ரொம்ப நல்லா இருக்குபோல" என்பான். தைத்துக் கொண்டுவந்தால் அச்சாகப் பொருந்தும். எனக்குக் கோபம் கோபமாக வரும். என் வயிற்றைப் பற்றி எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிகிறது?

நுரையீரலில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலில் கிடந்தபோது இருந்த கொஞ்ச உடம்பும் போயிருந்தது. நான் சாயங்காலம் கவுன்டரை மூடிவிட்டு நேராக அங்கே போவேன். ஒருநாள் கேட்டான்.

"டிரம்மை யாரு தூக்கப் போறாங்க?"

"நீதான். சீக்கிரம் எந்திரிச்சு வர்ற வழியைப் பாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"எவனும் தூக்க வேணாம். தூக்க விடவும் மாட்டேன்."

என்னையே ஏற இறங்கப் பார்த்தான். "சரி, கத்தாதே. நர்ஸம்மா வந்துடுவாங்க" என்றான்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, டிரம்மின் தோள்வார் கட்டிலில் அவன் மடியில் கிடந்தது. தடித்த கித்தான் வார். எலி கடித்துவிட்டது என்று சொல்லி, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தான். "சொன்னா கேக்க மாட்டேங்கிறார் அண்ணே, மூச்சு வாங்குது, இதுல தையல் வேற" என்று அவன் மனைவி என்னிடம் முறையிட்டாள். நானும் திட்டினேன். எங்கள் இருவரையும் அவன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்தான்.

அதற்குப் பிறகு அவன் ரொம்ப நாள் இருக்கவில்லை.

பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிக்கு முதல் அணிவகுப்பு எப்போதும் எங்களுடையது. நாள் நெருங்கியது. இந்த வருஷம் நாங்கள் போகாவிட்டால், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் எங்களை எதற்குக் கூப்பிடப்போகிறார்கள்? பேண்டுக்கு வேறு பிழைப்பும் இல்லை. மாஸ்டர் டிரம்மைக் கேட்டு நூலு வீட்டுக்குப் போயிருக்கிறார். நூலு மனைவி, "அவர்கூட நடந்தவர் அண்ணன்தான். அண்ணன் கைகாட்டுற ஆளுக்குக் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாளாம். ஆக, எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

பயிற்சி அறையில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என் மச்சானை, என் பெண்டாட்டியின் தம்பியை, போடலாம் என்றார் மாஸ்டர். எலக்ட்ரீஷியன், ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், சிறிய டிரம் நன்றாகத் தட்டுவான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"வேற எவன் தோள்ல அது ஏறினாலும் நான் இந்தத் தட்டைக் கீழே வெச்சிட்டுப் போயிடுவேன்."

"அப்போ நீயே தூக்கு" என்றார் மாஸ்டர்.

"நானா? அவன் இடத்துலயா? நல்லா இருக்கே கதை!"

"அப்படின்னா எல்லாரும் வாத்தியத்தை வித்துட்டு வீட்டுல உக்காருவோம். உன் இஷ்டம்."

வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. "செத்தவருக்கு மரியாதை பண்றேன்னு இருக்கிறவங்க வாயில மண்ணைப் போடாதீங்க" என்றாள் என் மனைவி. தம்பிக்காகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சாப்பிட்டு முடித்தபோது, அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. மறுநாள் மச்சானை அழைத்துக்கொண்டு நூலு வீட்டுக்குப் போனேன்.

டிரம் அலமாரிப் பக்கத்தில் போர்வை போர்த்தி இருந்தது. அவன் மனைவி போர்வையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மச்சான் வாருக்குள் தோளை நுழைத்தான். டிரம் அவன் தாடையை முட்டியது. பின்பக்கம் கொக்கியை மாட்டப் போனால், முதுகில் வார் தொளதொளவென்று தொங்கியது. இப்படி இழுத்தான், அப்படி இழுத்தான், ஒன்றும் சரிவரவில்லை.

"இதைக்கூட மாட்டத் தெரியாதா உனக்கு? குடு இப்படி!" என்று பிடுங்கி, எப்படி மாட்டுவது என்று காட்டத்தான் போட்டுக்கொண்டேன்.

டிரம் என் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. கொக்கி தானாக மாட்டிக்கொண்டது. இழுக்கவில்லை, இடிக்கவில்லை. வாரைக் குனிந்து பார்த்தேன். தோள் பக்கத்தில் குறுக்கித் தைத்திருந்தது. இடுப்புப் பக்கத்தில் புதுக் கித்தான் கொடுத்து நீட்டியிருந்தது. என் கால்சட்டை இடுப்பில் வருஷா வருஷம் பார்க்கிற அதே நெருக்கமான தையல். நூலு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த வார் அவனுடைய ஒல்லி இடுப்பைச் சுற்றத்தான் போதும்.

"எலி கடிச்சதுன்னாரே அண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "எங்க வீட்டுல ஏது எலி?"

நான் டிரம்மைக் கழற்றவில்லை. அதன் மேலேயே தலையை வைத்து அழுதேன். மச்சான் வெளியே போய் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

அணிவகுப்பு அன்று என் தட்டுகளை மச்சான் எடுத்துக்கொண்டான். இடது ஓரத்தில் நான், எனக்கு வலது பக்கம் அவன். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மைதான வாசலில் கால் இடறிச் சாயப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், சொல்லுடா!"

"என்ன மாமா சொல்றது?"

"கீழே பாத்துச் சொல்லு. மேடு, பள்ளம், எல்லாத்தையும்!"

"எனக்கென்ன தெரியும்? இப்போ கல்லு மாமா, கல்லு!"

நல்லவன், அதற்குப் பிறகு கண்ணில் பட்ட புல்லைக்கூட விடாமல் சொன்னான். நடை பிடிபட்டது. அடி ஒழுங்காக விழுந்தது. வெயில் இதமாக இருந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். மனசு லேசாகி, பாட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

மேடைக்கு முன்னால் மாஸ்டர் தடியை உயர்த்தினார். நன்றாகப் பார்த்தேன். பாட்டு முடிகிற இடம் வந்தது. இரண்டு அடி விழவில்லை. ஊதுகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். நாங்கள் மேடையைத் தாண்டிப் போனோம். மேடையில் வணக்கம் வைக்க எழுந்தவர்கள் கையைத் தூக்கியபடியே எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தடியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். மறுபடி அந்த இடம் வந்தது. மறுபடியும் விழவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவன் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறான், தூங்குகிறானா? திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு, நூலு நடக்கிற இடது பக்கம் திரும்பினேன்.

அங்கே யாரும் இல்லை. சுண்ணாம்புக் கோடும் அதற்கு அப்பால் புல்லும் இருந்தன. டிரம் அடிக்கிற கோல் என் கையில் இருந்தது.

பாட்டு முடிகிற இடம் மூன்றாவது முறை வந்தது. இரண்டு அடி அடித்தேன். எல்லாரும் நின்றார்கள்.

"என்ன மாமா, எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று மச்சான் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நூலு செத்துப்போயிட்டான்டா" என்றேன்.

"ஆமா மாமா" என்றான் அவன்.