இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

“மாசி, சனிக்கிழமை. ஆழ்கடல் தட்டைமீன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். இனம் தெரியவில்லை.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, எங்கள் எல்லோருக்கும் ‘நானா’, அந்தப் புதினமான மீனைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சுதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதற்பிள்ளை வயிற்றிலேயே தவறியிருந்தது. மீனைக் கண்டதும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“பிள்ளைத்தாச்சிக்கு இதையே காட்டுறது, நானா?” என்று சீறினார் அவளுடைய மாமியார்.

படித்ததைச் சொல்ல எனக்கு அவசரம். “பயப்படாதை பிள்ளை. குஞ்சா இருக்கேக்கை பக்கத்துக்கு ஒரு கண்தான். வளரேக்கைதான் ஒண்டு மற்றப் பக்கம் நகரும்.”

“அப்ப பிள்ளையின்ரை கண்ணும் பிறந்தாப் பிறகு மாறுமோ?” அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: “அதுக்கு ரெண்டு கண்ணும் தெரியுமோ?”

“ஓம், வடிவாத் தெரியும். அது கடலடிச் சேத்திலை ஒருபக்கமாப் படுத்திருக்கிற மீன். ரெண்டு கண்ணும் மேலை இருந்தாத்தான் வாறது போறது தெரியும்.”

“உங்கடை மாமியைப் போலத்தான், தங்கச்சி. ஒண்டும் தப்பாது,” என்றார் நானா.

சுதா சிரித்துவிட்டாள். மாமியாரும் சிரித்தபடி அந்த மீனையே வாங்கினார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் மீன் புத்தகத்தோடு வந்தபோது அது சட்டிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

சித்திரையில் சுதாவுக்கு மகள் பிறந்தாள். நான் போனால் இரண்டு கண்ணாலும் என்னையே பார்ப்பாள். எதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அந்த மீன் என்ன இனம், எவ்வளவு ஆழத்தில் வாழ்வது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.