தணிகாசலத்தை ஆடிக் காட்டினார்கள்

தேவயானிக்குக் கோபம் வந்தால் ஊரே கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆந்திர எல்லையில் வரதய்யபாளையத்துப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊரில், ரேஷன் டீலர் உட்பட அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அப்பா காலம்வரை கூலிக் குடும்பம்; இன்று அரை ஏக்கர் வேர்க்கடலை. அந்த வாய் இல்லாவிட்டால் அதுவும் கையில் தங்கியிருக்காது.

அந்த வாய்க்கும் அடங்காதது ஒன்று இருந்தது, புருஷன் தணிகாசலத்தின் குடி. ஏற்றிக்கொண்டு வந்தால் தெருமுனையில் நின்று "அரோகரா" என்று கத்துவான். போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்தவன், இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினான். யாரும் நம்பவில்லை. ஆனால் நிறுத்தித்தான் விட்டான். பக்கத்திலிருந்த ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குப் போனான், கை நடுக்கம் நின்றது. மாதக்கணக்கில் அவனை ஒரு சுடுசொல் சொல்லாமல் தேவயானி வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். அது லேசுப்பட்ட காரியமா?

சங்கராந்தி முடிந்ததும் திருப்பதியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் சேவை முகாமுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். குறை சொல்லக்கூடாது, கால்வாய் தூர் வாரினார்கள், பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். வீடு வீடாக விசாரிக்க வந்த மாணவி சிவசங்கரி புத்தூர்க்காரி. தெலுங்கில் ஆரம்பித்தவள் சட்டென்று தமிழுக்கு மாறவும் தேவயானி உருகிப்போனாள். காபி கொடுத்து, கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். மகள் அலர்மேல்மங்கையின் கொலுசு, ஊர் நினைத்ததுபோல் கால்வாயில் தொலையவில்லை. தூங்கும்போது கழற்றிக்கொண்டு போய் விற்றுக் குடித்தது அவள் அப்பன். தொலைத்ததாக அடி வாங்கியது அந்தப் பெண். கடைசியில் அவன் குடியை விட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லத்தானே இவ்வளவும் சொன்னாள்!

முகாம் முடிவதற்கு முந்தின சாயங்காலம், குடியின் கேட்டைப் பற்றி வீதி நாடகம். சுதீர் என்ற மாணவன் லுங்கியை ஏற்றிக் கட்டி, தள்ளாடி வந்து, "அரோகரா" என்றான். பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? ஊரே தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சுதீர் குனிந்து, தூங்கும் மகளின் கொலுசைக் கழற்றினான். அலர்மேல்மங்கை மட்டும் சிரிக்காமல் அப்பாவைப் பார்த்தாள். தணிகாசலம் எழுந்து போனான். நாடகத்தில் குடிகாரன் செத்துப்போக, எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கு ராத்திரி தணிகாசலம் குடித்துவிட்டு வந்தான். அரோகராகூடச் சொல்லவில்லை.

மறுநாள் நிறைவு விழாவில் கேடயங்கள் அடுக்கிய மேசைமேல் தேவயானி காலி பாட்டிலை வைத்தாள். முகாமை நடத்திய விரிவுரையாளர் சுரேஷ்பாபு எழுந்து நின்றார்.

"இதுவும் உங்க முகாம் பண்ண வேலைதான் சார். போட்டோல சேத்துக்கோங்க."

யார் பெயரையும் சொல்லவில்லை, எல்லாம் விழிப்புணர்வுக்குத்தான் என்றார் அவர். தேவயானி அவரை விட்டுவிட்டு சிவசங்கரியிடம் போனாள்.

"அவரு நிறுத்தினதையும் சொன்னேனே. அத ஏன் வுட்டுட்ட?"

நிறுத்திவிட்டதாகக் காட்டினால் நாடகம் எடுபடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்ததாகச் சொல்லி சிவசங்கரி அழுதாள்.

"எடுபடாதா? மாசக்கணக்கா வாயப் பொத்திக்கினு கெடந்தேன். அழுவாத. மீதிய ஆடிட்டு பஸ் ஏறு."

விழா அப்படியே நின்றது. பஸ்காரன் ஹாரன் அடித்தான், யாரும் ஏறவில்லை. தேவயானி வீட்டு வாசலிலேயே பிள்ளைகள் டப்பு மேளம் அடித்து ஊரைக் கூட்டினார்கள். சுதீர் மறுபடியும் லுங்கி கட்டினான். தோளில் ஒரு கழியைக் காவடியாக வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. தேவயானி நாடகத்துக்கு முதுகைக் காட்டி, சாத்தியிருந்த தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தமா சொல்லு தம்பி. உள்ள படுத்துக்கினு கீறாரு. அவருக்குக் கேக்கணும்."